ஒரே தராசில் நிறுக்க வேண்டிய எண்

தைராய்டு புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்ட ஒருவரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தைரோகுளோபுலின் 8 நானோகிராம் என்று அச்சாகியிருக்கிறது. பக்கத்திலேயே இயல்பு அளவு என்று 50 வரையோ 70 வரையோ போட்டிருக்கும். தடித்த எழுத்து இல்லை, நட்சத்திரக் குறி இல்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அந்த இயல்பு அளவு, கழுத்தில் தைராய்டு உள்ளவர்களுக்குப் போட்டது. தைரோகுளோபுலின் என்ற புரதத்தைத் தைராய்டு செல்களைத் தவிர உடம்பில் வேறெதுவும் செய்வதில்லை. சுரப்பியை எடுத்து, மிச்சம் மீதியைக் கதிரியக்க அயோடின் கொடுத்து அழித்தும் ஆகிவிட்டது என்றால் அந்தப் புரதம் ஏறக்குறைய இல்லாமலே போக வேண்டும். தைராய்டு ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது 0.2-க்குக் கீழே இருந்தால் மருத்துவர் திருப்தியடைவார். 8 என்றால், எங்கோ தைராய்டு செல் மிஞ்சியிருக்கிறதா என்று யோசிப்பார்.

ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் நானோகிராம் கணக்கில் கிடக்கும் ஹார்மோனைத் துல்லியமாக எடைபோடுவது 1959 வரை பெரும்பாடாக இருந்தது. ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் இன்சுலினை அப்படி அளந்து காட்டினார்கள். யாலோவுக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியில்தான் 1970-களில் தைரோகுளோபுலினையும் அளக்கத் தொடங்கினார்கள். தராசு இவ்வளவு நுணுக்கமானது என்பதால்தான் நான் ஒன்றை வலியுறுத்துகிறேன்: இந்தப் பரிசோதனையில் தனியாக நிற்கும் எண் முழுக் கதையைச் சொல்லாது. ஒரே பரிசோதனை முறையில், ஆண்டுக்கணக்கில் எடுத்த எண்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால்தான் அது பேசும்.

ஏன் ஒரே முறை? எல்லா லேபும் தரச்சான்று வாங்கியவைதானே என்று கேட்பீர்கள். சான்று உண்மைதான். ஆனாலும் ஒரே ரத்தத்தை இரண்டு நிறுவனங்களின் கிட்டில் சோதித்தால் விடை இரண்டு மடங்கு வரைகூட வேறுபடலாம். போன வருடம் ஓரிடத்தில் 0.6, இந்த வருடம் வேறிடத்தில் 1.1 என்றால் நோய் கூடியதா, கருவி மாறியதா? சொல்ல முடியாது. இன்னொன்று, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச். மாத்திரையை ஒரு மாதம் விட்டுவிட்டால் டிஎஸ்எச் ஏறும். அது தூண்டிவிட, எஞ்சியிருக்கும் தைராய்டு செல்கள் தைரோகுளோபுலினைக் கூடுதலாகச் சுரக்கும். அதனால் அன்றைய டிஎஸ்எச் இல்லாத ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான்.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது எதிர்ப்பொருளின் கதை. தைராய்டு புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரின் ரத்தத்தில் தைரோகுளோபுலினுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறது. இன்றைய பரிசோதனை முறை அந்தப் புரதத்தை இரண்டு பக்கமும் பிடித்து எண்ணுகிறது. நம் உடம்பின் எதிர்ப்பொருள் முந்திக்கொண்டு அதன்மேல் ஒட்டியிருந்தால், கருவிக்குப் பிடி கிடைக்காது. முகம் பார்த்து ஆள் எண்ணும் இடத்துக்கு எல்லோரும் முக்காடு போட்டு வந்த மாதிரி. புரதம் இருக்கும், ரிப்போர்ட்டில் பூஜ்யம் வரும். ஆகவே எதிர்ப்பொருளையும் சேர்த்து அளக்காத பூஜ்யத்தை நம்ப வேண்டாம். வேடிக்கை என்னவென்றால், முக்காடே ஆளைக் காட்டிக்கொடுக்கும். தைராய்டு திசு முழுவதும் போய்விட்டால், எதிர்க்க ஆளில்லாமல் எதிர்ப்பொருளும் சில ஆண்டுகளில் குறைந்து மறையும். மறையாமல் நின்றாலோ, குறைந்தது மறுபடி ஏறினாலோ, எங்கோ தைராய்டு செல் இருக்கிறதா என்று தேட வேண்டும். முடி, நகத்துக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேளுங்கள்: அதுவும் சில கிட்டுகளில் எண்ணைப் பொய்யாகக் குறைத்துவிடும், ரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இத்தனை எதற்கு, ஒரு ஸ்கேன் போதாதா என்பவர்களுக்கு: கழுத்து ஸ்கேனும் தேவைதான், ஆனால் அது கழுத்தை மட்டும் பார்க்கும். நுரையீரலில் ஒளிந்திருப்பதை ரத்தம்தான் முதலில் சொல்லக்கூடும். அடிக்கடி சோதித்தால் பயம்தானே மிச்சம் என்பதில் நியாயம் உண்டு. ஸ்கேனும் ரத்தமும் சுத்தமாக இருப்பவர்களில் நோய் திரும்புவது 100-க்கு 1 முதல் 4 பேருக்குத்தான். அவர்களில் பலருக்கு ஒன்று, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை சோதித்தால் போதும். சுரப்பியில் பாதியை மட்டும் எடுத்தவர்களுக்கு இந்த எண் அவ்வளவாக உதவாது. மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய்க்கு அளக்க வேண்டியது கால்சிடோனின். அது தனிக் கதை.

கடைசியாக, பணமும் தூரமும். எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று பெரியவர்கள் இன்றும் சொல்லும் மதுரை பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து மேலூருக்கோ உசிலம்பட்டிக்கோ திரும்பியவர், ஒரு ரத்தத்துக்காக ஒரு நாள் கூலியை விட்டு வருவது எளிதல்ல. வரவும் வேண்டியதில்லை. ஊரிலேயே ரத்தம் கொடுக்கலாம். அதைச் சோதிக்கும் லேபும் முறையும் மாறாமல் இருந்தால் போதும். ரிப்போர்ட்டில் சிறிய எழுத்தில் முறையின் பெயர் இருக்கும். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். அடுத்த முறை போகும்போது பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் மஞ்சப்பையில் இருக்கட்டும்.