வாக்குத்தத்தச் சீட்டும் எரேமியாவின் கடிதமும்

(ஒத்தக்கடையில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, திருச்சபை மக்கள் கூடிய கூட்டத்தில் பேசியது)



மேலூர் ரோட்டில் வண்டிச் சத்தம் ஓயாது. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காவிட்டால் கையைத் தூக்குங்கள், உரக்கவே பேசுகிறேன். மெதுவாகப் பேசி முடிக்கிற விஷயமும் இல்லை இது.

என் கையில் ஒரு சீட்டு இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான். ஓரத்தில் ரோஜாப்பூ, நடுவில் ஒரு வசனம், கீழே எரேமியா 29:11 என்று போட்டிருக்கிறது. என் அம்மாவின் வேதப்புத்தகத்துக்குள் இருந்தது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் தட்டில் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள், ஆளுக்கு ஒன்று எடுப்போம், அதுதான் அந்த வருஷத்துக்கு நம்முடைய வாக்குத்தத்தம். ஒரு வருஷம் அம்மா எடுத்தது இது. உங்களிலும் பாதிப் பேர் வீட்டுச் சுவரில், காலண்டரில், ஆட்டோவின் கண்ணாடியில் இதே வசனம் இருக்கும். நம்மைப் பற்றிக் கடவுள் நினைப்பதெல்லாம் நல்லதுதான், நமக்கு எதிர்காலம் ஒன்று உண்டு என்பது அதன் கருத்து.

அம்மாவை நான் குறை சொல்ல வரவில்லை. வீட்டில் அரிசி இல்லாத நாளில் அந்தச் சீட்டைத் தொட்டு ஜெபம் பண்ணிவிட்டுத்தான் பக்கத்து வீட்டில் கடன் கேட்கப் போவார்கள். அந்த விசுவாசத்தின் முன்னால் நான் மண்டியிடுகிறேன். என் சண்டை வேறு ஆட்களோடு. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேடை ஏறி, மூன்று மாதத்தில் வீடு, ஆறு மாதத்தில் கார், வெளிநாட்டு விசா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தீர்க்கதரிசனம் உரைக்கிறார்களே, அவர்களோடுதான் என் சண்டை. ஏனென்றால் இது ஒரு கடிதத்திலிருந்து கிழித்தெடுத்த துண்டு. மிச்சக் கடிதத்தை அவர்கள் நமக்கு வாசித்துக் காட்டவே இல்லை.

அந்தக் கடிதத்தின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். ராஜா எகொனியாவையும் அவன் தாயையும் பிடித்துக்கொண்டு போனான். பிரபுக்களை மட்டுமா? தச்சர்களையும் கொல்லர்களையும்கூட விடவில்லை. கைத்தொழில் தெரிந்தவனைக் கொண்டுபோய்விட்டால் தோற்ற ஊர் மறுபடி எழுந்திருக்காது, அது அவன் கணக்கு. இப்படி வேரோடு பிடுங்கி அந்நிய மண்ணில் வீசப்பட்ட ஜனத்துக்கு, எருசலேமில் இருந்த எரேமியா ஒரு கடிதம் எழுதினார். சாப்பானின் மகன் எலாசா, இல்க்கியாவின் மகன் கெமரியா என்ற இரண்டு பேர் கையில் அது போனது.

ஏறக்குறைய அதே காலத்தில் எருசலேம் தேவாலயத்தில் இன்னொருவர் எழுந்தார். பெயர் அனனியா. ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்துக்கொண்டிருக்க, இன்னும் இரண்டே வருஷத்தில் பாபிலோனின் நுகம் முறிந்துவிடும், கொண்டுபோன பாத்திரங்கள் திரும்பி வரும், ராஜாவும் வருவான் என்று அறிவித்தார். எரேமியா அப்போது அடிமைத்தனத்துக்கு அடையாளமாக ஒரு மர நுகத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார். அனனியா அதைக் கழற்றி எல்லார் முன்னாலும் முறித்துப் போட்டார். கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். யார் பேச்சு இனித்திருக்கும்? யார் பையில் காணிக்கை விழுந்திருக்கும்?

எரேமியா சொன்ன கணக்கு 70 வருஷம். சகோதரர்களே, இருபது வயதில் கைதியாகப் போனவனுக்கு 70 வருஷம் கழித்து 90 வயது. அந்தக் கடிதத்தை வாங்கி வாசித்தவர்களில் அநேகம் பேர் ஊர் திரும்பப் போவதில்லை, பேரப்பிள்ளைகள்தான் திரும்பப் போகிறார்கள். நீ பார்க்க மாட்டாய், ஆனாலும் உன் ஜனத்தை நான் கைவிடவில்லை என்பதுதான் அந்த 11ஆம் வசனத்தின் அர்த்தம். ஒரு ஜனத்துக்கு மொத்தமாகச் சொன்னதை, ஒருத்தர் பைக்குள் போடுகிற அளவுக்கு வெட்டி, அடுத்த டிசம்பருக்குள் பலிக்கும் என்று தேதியும் குறித்துக் கொடுக்கிறார்களே, இது எரேமியாவின் பேச்சா, அனனியாவின் பேச்சா? நீங்களே சொல்லுங்கள்.

அந்த வசனத்துக்கு முன்னால் கடிதத்தில் என்ன இருக்கிறது? வீடு கட்டுங்கள், குடியிருங்கள். தோட்டம் போடுங்கள், அதில் விளைவதைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணி வையுங்கள். எந்த ஊருக்கு உங்களைக் கொண்டுபோனார்களோ அந்த ஊரின் நலனைத் தேடுங்கள், அதற்காக ஜெபம் பண்ணுங்கள், அந்த ஊர் நன்றாக இருந்தால்தான் நீங்களும் நன்றாக இருப்பீர்கள். பாபிலோனுக்காக ஜெபமாம்! தங்கள் வீட்டை இடித்தவனின் ஊருக்காக! செமாயா என்கிற ஒருவன் கொதித்துப்போய், இந்தப் பைத்தியக்காரனைக் கட்டையில் மாட்டாமல் ஏன் விட்டு வைத்திருக்கிறாய் என்று எருசலேம் ஆசாரியனுக்கே பதில் கடிதம் எழுதினான்.

நமக்கு ஒத்தக்கடை அந்நிய ஊர் இல்லை, தாத்தா பாட்டி காலத்து ஊர். இதோ யானைமலை. அதன் அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாளின் குடைவரை ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. மேலே சமணர் செதுக்கிய தீர்த்தங்கரர்கள் இருக்கிறார்கள். தெருவுக்குள் பாங்கு ஒலிக்கிறது. 2010இல் அந்த மலையைச் சிற்ப நகரம் ஆக்கப்போகிறோம் என்று ஒரு திட்டம் வந்தபோது இந்தச் சுற்றுவட்டார ஜனம் எதிர்த்து நின்று மலையைக் காப்பாற்றியது. அது ஊரின் நலனைத் தேடுவது. நம் ஜெபக் குறிப்புப் புத்தகத்தில் அது இருந்ததா? கண்மாய்க்கு வரும் வாய்க்கால் அடைபட்டால் அது ஜெபக் குறிப்பில் வருகிறதா? எழுப்புதல் வர வேண்டும் என்று எழுதுகிறோம், சபை வளர வேண்டும் என்று எழுதுகிறோம். ஊர் எங்கே?

தீர்க்கதரிசனம் என்றால் என்ன என்ற குழப்பத்தில் ஒரு பங்கு நாம் வைத்திருக்கும் சொல்லுக்கும் உண்டு என்று நினைக்கிறேன். தீர்க்கதரிசி என்றால் தொலைவில் நடக்கப்போவதைப் பார்க்கிறவர். அந்தச் சொல்லைக் கேட்டதும் ஜாதகம், கிளி, சோழி எல்லாம் மனசுக்குள் வந்துவிடுகிறது. எபிரேய மொழியில் அந்தச் சொல் நாபி. பக்கத்துத் தெரு முஸ்லிம் சகோதரர் நபி என்கிறாரே, அதே வேர்தான். கடவுளின் வாயாக நின்று பேசுகிறவர் அவர். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் இறைவாக்கினர் என்று போட்டார்கள், கத்தோலிக்கச் சகோதரர்கள் அப்படித்தான் வாசிக்கிறார்கள். அது நெருக்கமான சொல். நாளைக்கு என்ன ஆகும் என்று சொல்வதைவிட, இன்றைக்கு நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று முகத்துக்கு நேராகக் கேட்பதுதான் அவர்கள் வேலை.

அப்படிக் கேட்ட ஒரு கேள்வி என் வீட்டுக்குள்ளேயே விழுந்தது.

என் அப்பா நிமிந்தாள். கொத்தனாருக்குச் சாந்து குழைத்துக் கொடுப்பது, செங்கல் ஏற்றுவது, சாரம் கட்டுவது. ஒரு வருஷம் ஒரு பெரிய ஆலயக் கட்டட வேலைக்குப் போனார்கள். எந்தச் சபை என்று சொல்ல மாட்டேன், சொல்லி ஆகப்போவதும் ஒன்றுமில்லை. சனிக்கிழமை சனிக்கிழமை கூலி. கடைசி இரண்டு வாரம் கூலி வரவில்லை. பிரதிஷ்டைக்கு நாள் குறித்தாகிவிட்டது, டைல்ஸ் பளபளவென்று இருக்கிறது, வாசலில் கொடையாளர் பெயர் பொறித்த கல் நட்டாகிவிட்டது. கூலி கேட்கப் போன அப்பாவிடம் கமிட்டிக்காரர் ஒருவர் தோளில் கையைப் போட்டுச் சொன்னாராம்: "ஆண்டவர் வீட்டுக்குத்தானப்பா செஞ்சிருக்கீங்க, காணிக்கையா நினைச்சுக்கங்க. பத்து மடங்காத் திரும்பி வரும்."

அப்பா வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சிமெண்டு தின்ற கை. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, நகத்தைச் சுற்றிப் புண். அன்று ராத்திரி அந்தக் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டது நான். ஜெபம் பண்ணும்போது அப்பா வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

பல வருஷம் கழித்து எரேமியா 22ஆம் அதிகாரத்தை உட்கார்ந்து வாசித்தேன். யோசியாவின் மகன் யோயாக்கீம் ராஜா மாளிகை கட்டுகிறான். அகலமான மேல்மாடி, பெரிய ஜன்னல்கள், கேதுரு மரப் பலகை, சிவப்பு வர்ணம். வேலை செய்தவனுக்குக் கூலி இல்லை. எரேமியா போய் ராஜாவின் வாசலிலேயே கேட்கிறார்: கேதுரு மரத்தில் போட்டி போட்டால் நீ ராஜா ஆகிவிடுவாயா? உன் அப்பன் ஏழைக்கு நியாயம் செய்தானே, என்னை அறிவது என்றால் அதுதானே? கடைசியில் ஒரு கழுதையை இழுத்துப் போடுவதுபோல் இவனை ஊர் வாசலுக்கு வெளியே இழுத்துப் போடுவார்கள் என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்.

வாசித்துக்கொண்டே அழுதேன். 2600 வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஒரு நாட்டில் என் அப்பாவுக்காக ஒருத்தர் ராஜாவிடம் சண்டை போட்டிருக்கிறார். அந்தப் புத்தகத்தை அப்பா தலைமாட்டில் வைத்துத்தான் தூங்கினார்கள். அந்தப் பக்கத்தை ஒரு போதகரும் அவர்களுக்குத் திறந்து காட்டவில்லை. ஏழு அதிகாரம் தாண்டி 29:11 மட்டும் ரோஜாப்பூப் போட்டுச் சீட்டாக வந்தது.

ஆமோஸுக்கும் இதே கதிதான். ஆமோஸ் யார்? தெக்கோவா கிராமத்து ஆட்டுக்காரர், அத்திப்பழ வேலையும் பார்த்தவர். நம்ம பக்கம் கிடை போட வரும் கீதாரி மாதிரி. தெக்கோவாவிலிருந்து எருசலேமுக்கு 16 கிலோமீட்டர். ஒத்தக்கடையிலிருந்து மதுரைக்குப் போவதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அவர் பெத்தேல் ஆலயத்தில் போய் நின்று பேசியதும் அங்கிருந்த ஆசாரியன் அமத்சியா, உன் ஊருக்கே போய்ப் பிழைத்துக்கொள் என்று விரட்டினான். என்ன பேசினார்? ஏழையிடம் அடகாக வாங்கின துணியை விரித்துப் பலிபீடத்துக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறீர்களே என்று கேட்டார். அடகு வாங்கிய போர்வையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடு, ராத்திரிக் குளிருக்கு அவனுக்கு வேறு ஒன்றும் இல்லை என்பது மோசேயின் சட்டம்.

இன்றைக்கு யாரும் போர்வையை அடகு பிடிப்பதில்லை. ஏடிஎம் கார்டைப் பிடிக்கிறார்கள், ரகசிய எண்ணோடு. துப்புரவு வேலை செய்யும் ஒரு தாயின் சம்பளம் வங்கிக்கு வந்த அன்றே வட்டிக்காரர் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கிறார். 2003இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் மீட்டர் வட்டி, ரன் வட்டி என்ற பெயர்கள் இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வட்டிக்கு விடுகிறவர்களில் நம் சபைக்காரர் ஒருவரும் இல்லை என்று இந்த மேடையில் என்னால் சொல்ல முடியாது. உங்களாலும் முடியாது. அந்த ஏடிஎம் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திருவிருந்துக்கு வருகிறவரைப் பற்றித்தான் ஆமோஸ் பேசினார்.

சாதியைப் பற்றிச் சொல்லாமல் இறங்க மாட்டேன். அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் இந்த மண்ணுக்கு வந்தது. 1847இல், மிஷன் ஊழியர்கள் சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். பலர் வேலையை விட்டார்களே ஒழியச் சாதியை விடவில்லை. அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் சொன்ன தியோபிலஸ் அப்பாவு, நம்மூர்ப் பரட்டை அண்ணன், ஒரே உலையில் பொங்கி எல்லாரும் பகிர்ந்து தின்பதுதான் சுவிசேஷம் என்று நாட்டுப்புற மெட்டில் பாடிப் பாடியே போனார். இன்றைக்கும் கலியாணப் பேச்சில் முதல் கேள்வி என்ன? கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை?

இதே மேலூர்ப் பக்கத்தில் 1997 ஜூன் 30ஆம் தேதி, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். செய்த குற்றம், தலித்தாகப் பிறந்து தேர்தலில் ஜெயித்தது. பெரியவர்கள் கொஞ்சம் நினைவைக் கிளறிப் பாருங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆலயத்து ஜெபத்தில் அந்தப் பெயர் வந்ததா?

"இதெல்லாம் பழைய ஏற்பாடு, நாம் கிருபையின் காலத்தில் இருக்கிறோம்" என்பார்கள். அப்படியானால் 29:11 மட்டும் எந்த ஏற்பாடு? "இது அரசியல், ஆவிக்குரியது இல்லை" என்பார்கள். இயேசு நாசரேத்து ஜெப ஆலயத்தில் எழுந்து வாசித்தது எந்தப் புத்தகம்? ஏசாயா. ஏழைகளுக்கு நற்செய்தி, கைதிகளுக்கு விடுதலை என்று வாசித்து, இது இன்றைக்கு நிறைவேறிற்று என்றார். அதுவரைக்கும் சொந்த ஊர்க்காரர்கள் மெச்சிக்கொண்டுதான் இருந்தார்கள். சாறிபாத் ஊர் விதவையையும் சீரியனாகிய நாகமானையும் சொல்லி, கடவுளின் தயவு உங்களுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து இல்லை என்றதும், அவரை மலை விளிம்புக்கே தள்ளிக்கொண்டு போனார்கள். ஏசாயாவை ஒழுங்காக வாசித்தவருக்கு நடந்தது அது.

போதகர்களே, உங்கள் கால் பிடித்துக் கேட்கிறேன். வரும் டிசம்பர் 31இல் சீட்டு வேண்டாம். எரேமியாவின் கடிதத்தை முழுசாக வாசியுங்கள், 22ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். பத்து நிமிஷம்கூட ஆகாது. வாலிபர்களே, பெயர் சொல்லிக் கூப்பிட்டு விசா வாக்களிக்கிற மேடைக்கு வாடகை வேன் பிடித்துப் போவதை நிறுத்துங்கள்.

எஞ்சினியர்கள், காண்டிராக்டர்கள், வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர்கள், வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கிறவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். நாளைக்குச் சனிக்கிழமை. யாருக்காவது கூலி பாக்கி இருந்தால், பொழுது சாய்வதற்குள் அவர்கள் வீட்டுக்கே போய்க் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.