பதிப்பும் வெளியீடும்



தம் கதை நூல்களைத் தாமே வெளியிட்டு ஒருவர் எழுத்தாளராக நிலைபெற இயலுமா என்பது இன்று எனக்கு அளிக்கப்பட்ட பொருள். ஒலியனியலும் தொடரியலும் கற்பித்து ஓய்வுபெற்றவனிடம் இதை ஏன் ஒப்படைத்தார்கள் என நீங்கள் வியக்கலாம். நானும் ஒரு சிறுகதைத் தொகுப்பைச் சொந்தச் செலவில் அச்சிட்டு இழந்தவன் என்பதே காரணமாக இருக்கக்கூடும். இழந்தது பணத்தை அன்று. எதை என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

சொல்லிலிருந்து தொடங்குவது என் தொழிற்பழக்கம், பொறுத்தருள வேண்டும். பதிப்பு, வெளியீடு என்னும் இரண்டையும் நாம் ஒரே பொருளில் வழங்குகிறோம். பதிதல் என்பதன் பிறவினை பதித்தல்; எழுத்தைத் தாளில் பதிப்பது பதிப்பு. வெளியிடுதலோ உள்ளிருப்பதை வெளியே இடுவது. முன்னது அச்சகத்தில் முடிந்துவிடும். பின்னது வாசகரிடம் சென்றே முடியும். சொந்தமாக நூல் கொணரும் நம்மில் பலர் பதிப்பைச் செவ்வனே முடித்துவிட்டு, வெளியீட்டைத் தொடங்காமலே இருந்துவிடுகிறோம். 'வெளியீட்டு விழா' என்ற பெயரே நம்மை ஏமாற்றிவிடுகிறது.

பெரும்புகழ் பெற்ற ஒருவரின் கணக்கை முதலில் பார்ப்போம். 1843ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இலண்டனில் சார்லஸ் டிக்கன்ஸ் பணமுடையில் இருந்தார். அப்போது தொடராக வந்துகொண்டிருந்த அவருடைய நாவல் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. ஏறத்தாழ ஆறு வாரங்களில் 'கிறிஸ்துமஸ் கரோல்' என்னும் குறுநாவலை எழுதி முடித்த அவர், தம் பதிப்பகத்தாருடன் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். அச்சுச் செலவு முழுவதும் அவருடையது, ஆதாயமும் அவருடையது, பதிப்பகத்தாருக்கு விற்பனைக் கழிவு மட்டும். இன்று நாம் தற்பதிப்பு என்பது ஏறக்குறைய இதுவே.

நூல் கண்ணைக் கவர வேண்டுமென்று அவர் பிடிவாதமாக இருந்தார். அட்டையில் பொன்னெழுத்து; ஜான் லீச் வரைந்த படங்களுள் நான்கிற்குக் கையால் வண்ணம்; தலைப்புப் பக்கத்தின் நிறம் மனத்துக்குப் பிடிக்காமல் கடைசி நேரத்தில் மாற்றம். விலையோ ஐந்து சில்லிங்தான். டிசம்பர் 19ஆம் நாள் வெளிவந்த நூலின் 6,000 படிகளும் கிறிஸ்துமஸுக்கு முன்பே தீர்ந்தன. ஆயிரம் பவுன் எதிர்பார்த்தவருக்கு முதற்பதிப்பில் கிடைத்தது சுமார் 230 பவுன். அடுத்த மாதமே ஒரு களவுப் பதிப்பு தோன்றியது. வழக்குத் தொடுத்து வென்றார்; எதிராளிகள் நொடித்துப்போனதால் 700 பவுன் அளவிலான வழக்குச் செலவு அவர் தலையிலேயே விழுந்தது.

இக்கதை இத்துடன் முடிந்திருந்தால் இங்கே சொல்லியிருக்க மாட்டேன். பத்தாண்டுகள் கழித்து, 1853 டிசம்பரில், பர்மிங்காம் நகரில் அறப்பணிக்காக அந்நூலைப் பொதுமக்கள்முன் அவர் உரக்கப் படித்தார். 1858 முதல் வருவாய்க்காகவே படிக்கலானார். அமெரிக்கப் பயணம் ஒன்றில் மட்டும் பல்லாயிரம் பவுன் சேர்ந்தது. 1870 மார்ச்சில், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, அவர் கடைசியாக மேடையில் படித்தவற்றுள்ளும் இக்கதை இருந்தது. மேடைக்கென வைத்திருந்த படியில் பல வரிகளை அவரே அடித்துத் திருத்தியிருக்கிறார். அச்சான நூலைக் கேட்போரின் காதுகள் மீண்டும் செப்பனிட்டன என்றே மொழியியலாளனாகிய நான் இதைக் கொள்கிறேன்.

இனி என் கதை. தொண்ணூறுகளின் நடுவில் சென்னையில் 1,000 படிகள் அச்சிட்டுக் கப்பலில் வரவழைத்தேன். அட்டை ஓவியருக்குத் தாராளமாகக் கொடுத்தேன். செம்மையாக்கம் செய்ய ஒருவரையும் நாடவில்லை. முனைவர் பட்டம் பெற்றவனுக்கு அது எதற்கு என்பது என் எண்ணம். விழாவில் மாலை, பொன்னாடை, முதல் நூல் பெற்றவரின் தடித்த உறை எனக் குறைவொன்றும் இல்லை. ஒரே மாலையில் 600 படிகள் போயின, செலவும் மீண்டது. சில ஆண்டுகளுக்குப் பின் ஓர் அன்பர் இல்லம் சென்றேன். அன்று பத்துப் படிகள் வாங்கியவர் அவர். கண்ணாடி அலமாரியில் பத்தும் கட்டிய கயிறு அவிழாமல் இருந்தன. "ஐயா, உங்க புத்தகத்தைப் பத்திரமா வெச்சிருக்கேன்" என்றார் பெருமிதத்துடன். என் வீட்டில் எஞ்சிய பெட்டிகளை அதற்குள் இராமபாணப் பூச்சிகள் படித்து முடித்திருந்தன.

ஓய்வுபெற்றபின், என் பழைய மாணவி ஒருவர் தாம் கற்பிக்கும் இடைநிலைப்பள்ளிக்கு என்னை அழைத்தார். ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு அத்தொகுப்பிலிருந்து ஒரு தோட்டத்துக் கதையைப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு மாணவி கை உயர்த்தினாள். "ஐயா, இந்தப் பாட்டி எந்தப் பல்கலைக்கழகத்துல படிச்சாங்க?" வகுப்பு சிரித்தது. பால்மரம் வெட்டும் கிழவியை "அவ்விடத்திற்கு வர என்னால் இயலாது" என்று பேச வைத்திருந்தேன். பேச்சு வழக்கையும் எழுத்து வழக்கையும் ஆராய்ந்து பட்டம் பெற்றவன் நான்! 600 படிகள் விற்றும் இதை எனக்குச் சொல்ல ஒருவர்கூட இல்லை. நான் இழந்தது அந்த ஒருவரைத்தான்.

அதன்பின் கதைகளைத் திருத்தி எழுதினேன். செம்மையாக்கத்துக்கு முதலில் பணம் ஒதுக்கி, அட்டைக்கு எஞ்சியதை வைத்தேன். 200 படிகள் மட்டுமே அச்சிட்டு, பள்ளிகளிலும் நூலகங்களிலும் ஒரு கதை படித்து, கேட்டவர்க்கு விற்றேன். தீர மூன்று ஆண்டுகள் ஆயின. ஒரு படிக்கு எட்டு வெள்ளி அடக்கம், இருபது வெள்ளி விலை. கடையில் வைத்தால் கழிவும் அஞ்சலும் போக இரண்டு மூன்று வெள்ளிதான் மிஞ்சும். நேரில் விற்றால் பன்னிரண்டு. இதைக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது. முடியும் என்று உங்களிடம் சொல்பவரை நம்பாதீர்கள். ஆயினும் வாங்கியவர்களின் பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். அடுத்த தொகுப்பின் முதல் எண்பது படிகள் அச்சாகும் முன்பே அவர்களுக்கு விற்றன.

இது புதிய வழியன்று. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, முன்னதாகவே பலரிடம் கையொப்பம் பெற்றுத்தான் அச்சுச் செலவைச் சமாளித்தார். அவர் காலத்தில் நேரில் சென்று பெற்றதை இன்று ஒரு கைப்பேசிச் செய்தியில் பெறலாம். 2016இன் இறுதியிலிருந்து கிண்டிலில் தமிழ் நூல்களும் இடம்பெறுவதால், அச்சுச் செலவே இல்லாமல் நூலை வைக்கலாம். ஆனால் அதுவும் பதிப்புத்தான். அங்கும் உங்கள் நூலைத் தேடி எவரும் தானாக வரப்போவதில்லை. ஒரே நூலுடன் நின்றுவிட்டால் வந்தவரும் திரும்ப மாட்டார்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உள்ளூர் எழுத்தாளரின் விழாவில் பத்துப் படி வாங்குவதைவிட, ஒரே படி வாங்கி, அவரை உங்கள் வகுப்புக்கு அழையுங்கள். மாணவர்கள் சிரித்தால் தடுக்காதீர்கள்.

பாட்டியைப் பற்றிக் கேட்ட அந்த மாணவி, இப்போது தாமே கதை எழுதுகிறார். சென்ற ஆண்டு கையெழுத்துப்படியுடன் வந்து, முதல் நூலை யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டார். பிறகு பார்க்கலாம், முதலில் படித்துக் காட்டுங்கள் என்றேன். வாரம் ஒரு நாள் வந்து படிக்கிறார். ஒன்பது கதைகளில் மூன்று முடிந்திருக்கின்றன. இரண்டில் நான் கைவைத்தேன், ஒன்றில் கைவைக்கவிடாமல் என்னோடு வாதாடி வென்றார். நூல் இன்னும் அச்சகத்துக்குப் போகவில்லை.