கத்தரி இருக்கிறது, வாசல் எங்கே?



கிரிஸ்பர் என்றதும் ‘மரபணுக் கத்தரி’ என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளிவிட்டன. 2020-இல் டவுட்னா, ஷார்பென்டியே என்ற இரண்டு பெண்மணிகள் அதற்கு நோபல் பரிசும் வாங்கிவிட்டார்கள். சரி, அந்தக் கத்தரி செல்லுக்குள் எப்படிப் போகிறது? அதை யாரும் கேட்பதில்லை!

நம் எலும்பு மஜ்ஜையில் இருக்கிற ரத்த ஸ்டெம் செல் இருக்கிறதே, அது லேசுப்பட்ட ஆளில்லை. கத்தரிக்கான குறிப்பை வெறும் டி.என்.ஏ.வாக உள்ளே திணித்தால் பல செல்கள் செத்தே போகும். அதனால் காஸ்9 என்ற வெட்டும் புரதத்தையும் அதற்கு வழிகாட்டும் ஆர்.என்.ஏ.வையும் முன்கூட்டியே ஒன்றாகச் சேர்த்துவைக்கிறார்கள். நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த செல்களோடு அதைக் கலக்கிறார்கள். கண்ணிமைக்கும் நேரம் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். செல்லின் சவ்வில் பொடித் துளைகள் விழுகின்றன. பொட்டலம் உள்ளே நுழைகிறது. துளை தானே மூடிக்கொள்கிறது. ஓரிரு நாளில் அந்தப் புரதமும் சிதைந்துவிடும். தங்கிவிட்டால் கண்ட இடத்தையும் வெட்டுமே! சாப்பிட்டதும் கிளம்பிவிடுகிற விருந்தாளிதான் நல்ல விருந்தாளி.

இப்படி வந்ததுதான் கேஸ்கெவி என்ற சிகிச்சை. அரிவாள் செல் சோகைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. அந்த நோயைத் தருகிற கெட்டுப்போன மரபணுவை அது தொடுவதேயில்லை. கருவில் சுரந்த ஹீமோகுளோபினைப் பிறந்தபின் அடக்கிவைக்கிற பூட்டை உடைக்கிறது, அவ்வளவே.

விலை? அமெரிக்காவில் 22 லட்சம் டாலர். அதோடு போகிறதா? திருத்திய செல்கள் குடியேற இடம் வேண்டுமென்று புசல்ஃபான் என்ற கடும் மருந்தால் பழைய மஜ்ஜையை அழிக்கிறார்கள். வாரக்கணக்கில் மருத்துவமனையில் கிடக்க வேண்டும்.

நம் நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்த அரிவாள் செல் மரபு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் எழுதியது 1952-இல். அந்த மலையிலிருந்து நோயாளிப் பிள்ளையோடு இறங்கி வருகிற தாயிடம் 22 லட்சம் டாலர் கதையைச் சொல்லி என்ன பயன்?

அவளுக்கு வேண்டியது வேறு: கையில் ஒரே ஊசி போட வேண்டும்; கொழுப்புத் துகளில் ஏறி மருந்து நேரே மஜ்ஜைக்குப் போக வேண்டும். ஆனால் ரத்தத்தில் விட்ட துகள்களில் பெரும்பகுதி வழியிலேயே கல்லீரலில் இறங்கிவிடுகிறது. மஜ்ஜையின் ஸ்டெம் செல்லை அடையாளம் காணும் எதிர்ப்புரதத்தைத் துகளின் மேல் ஒட்டி, எலிகளில் கொண்டுபோய்க் காட்டிவிட்டார்கள்.

கல்லூரிப் பிள்ளைகளே, மீதி வழியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரியின் கூடலூர் அரசு மருத்துவமனையில் ஒரு செவிலியர் போடக்கூடிய ஊசியாக அதைக் கொண்டுவந்து கொடுங்கள்.