தேயிலை மலையும் பட்டப்பின் படிப்பும்

இலங்கைத் தேயிலை மலைகளில் 1946 ஆம் ஆண்டு முதன்முதலாகத் தென்பட்ட கொப்புள நோய் தாக்கியது முற்றிய இலையை அன்று, கூடைக்குள் போகவேண்டிய இளங்கொழுந்தையே. ஒரு வகைப் பங்கசால் உண்டாகும் இந்நோய், பனிமூட்டமும் ஈரமும் நீடிக்கும் நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் மழைக்காலந்தோறும் தலைகாட்டுவதால், அதைத் தாங்கி நிற்கும் செடியைத் தேடுவது தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும், 1925 இல் உருவான தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் நீண்டகாலப் பணிகளுள் ஒன்றாகும்.

தேயிலை அயன்மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பது; எனவே விதையிலிருந்து முளைக்கும் கன்று தாய்ச்செடியின் குணத்தை அப்படியே பெறுவதில்லை. ஓர் இலையும் ஒரு கணுவும் கொண்ட துண்டங்களைத் தவறணையில் வேர்பிடிக்கச் செய்து, தோட்ட மக்கள் வீ.பி. தேயிலை என்றழைக்கும் கன்றுகளை உருவாக்குவது இதனாலேயே. ஆனால் இரு செடிகளைக் கலந்து, தேர்ந்து, பல மலைகளில் நட்டுப் பார்த்துப் புதிய இனமொன்றை வெளியிட ஏறத்தாழ இருபது ஆண்டுகள் செல்கின்றன. கன்றுப் பருவத்திலேயே டி.என்.ஏ.யில் உள்ள அடையாளங்களைப் படித்து, வேண்டிய பண்புடையவற்றைப் பிரித்தெடுக்க உதவும் உயிர்த் தொழில்நுட்பம் இக்காலத்தைக் குறைக்கக்கூடியது. தேயிலையின் முழுப் பரம்பரைத் தொகுதி, அதாவது சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்ட அதன் உயிர்க்குறிப்பு, 2017 இல் சீன விஞ்ஞானிகளால் வெளியிடப்பட்டபின் இவ்வழி மேலும் தெளிவடைந்துள்ளது.

உயிர்த் தொழில்நுட்பத் துறையை நாடும் மலையகப் பட்டதாரிக்கு, 1975 இல் தோன்றிய விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவனம் பேராதனையிலேயே உண்டு. விரிவுரைகளை முதன்மையாகக் கொண்ட முதுமாணிப் பட்டம் தொழிற்சாலை, தரக்கட்டுப்பாடு போன்ற பணிகளை நாடுவோருக்குப் பொருந்தும். ஆய்வாளராக விரும்புவோர், ஒரே வினாவைப் பற்றிக்கொண்டு ஆய்வேடு எழுதும் முதுதத்துவமாணிப் பட்டத்தைத் தெரிவதே மேல். இரண்டுக்கும் புள்ளிவிபரவியலும் கணினி வழிப் பகுப்பாய்வும் ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து எழுதும் பயிற்சியும் இன்றியமையாதவை. பலர் ஆய்வுகூடக் கைத்திறனை மட்டும் நம்பிப் பின்னர் தடுமாறுவது இவற்றிலேதான்.

எனினும் உண்மையான தடை பல்கலைக்கழக வாயிலில் இல்லை. தமிழ் மொழியில் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகளும் ஆசிரியர்களும் தோட்டப் பகுதிகளில் போதாமையால், கொழுந்தின் நிறமாற்றத்தைப் பார்த்தே நோயை இனங்காணும் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள், பதினாறு வயதிலேயே அத்துறைக்கு வெளியே நிறுத்தப்படுகிறார்கள். சென் கூம்ஸ் ஆய்வுகூடங்களும், உருளைக்கிழங்குக் கன்றுகளை இழைய வளர்ப்பு முறையில், அதாவது கிருமியற்ற போத்தல்களில் சிறு துண்டிலிருந்து வளர்த்தெடுக்கும் நுவரெலியா சீதா எலிய விவசாய ஆராய்ச்சி நிலையமும் அப்பிள்ளைகளின் லயன்களிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்திலேயே இருக்கின்றன.