களிமண் மூளி



1995 இடப்பெயர்வு முடிந்து நாங்கள் திரும்பியபோது, ஆய்வுகூடத்து மூளை மாதிரியுருவில், உடற் சமநிலை காக்கும் மூளியைக் காணவில்லை. உயிரியல் ரீச்சர் களிமண்ணில் ஒன்று செய்து, மூளையத்தின் கீழே பின்புறமாகப் பொருத்தினார். "கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுங்கோ பிள்ளையள்" என்பார். புத்தகப் படத்தில் ஒரு பக்கம்தான் தெரியும்; எதற்குப் பின்னால் எது இருக்கிறது என்பதை எங்கள் விரல்களே கற்றன.

இன்று நான் நரம்பியல் மருத்துவர். ஸ்கான் படங்கள் தட்டையான துண்டுகளாக வருகின்றன. அவற்றை முழு மூளையாகக் காண, அந்த மாதிரியுருதான் இன்னும் துணை.

சென்ற வருடம் ரீச்சருக்குப் பாரிசவாதம். இடது மூளையத்தில் இரத்தக்குழாய் அடைப்பு. வலக்கை அசையவில்லை, பேச்சும் இல்லை. மாதிரியுருவில் அந்த இடத்தைக் காட்டினேன். அவரோ இடக்கையால் மூளியைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடும்படி சைகை செய்தார்.

பூட்டினேன். பொருந்தியது. வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார்.

எங்கள் வகுப்பு இன்று புதிய மாதிரியுரு ஒன்றைக் கல்லூரிக்கு வழங்குகிறது. தங்கைமாரே, அதை அலுமாரியில் பூட்டிவைக்காதீர்கள், கழற்றிப் பூட்டுங்கள்.