சந்தைக் கடையில் தொடங்கிய கல்விப் பணி



ஒரு பெண் பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "தகப்பன் பழமைவாதி" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நானும் மேடையில் அப்படிப் பேசியவன்தான்.

1991இல் ஜிம்பாப்வே நாட்டின் மோலா கிராமத்துக்குப் போன ஆன் காட்டன் என்ற பிரிட்டன் பெண்மணியும் இதையே கேள்விப்பட்டுப் போனார். கண்டதோ வேறு! கரிபா அணைக்காக 1950களின் இறுதியில் ஆற்றங்கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட தோங்கா மக்கள் வாழும் பகுதி அது. மகளைப் படிக்க வைக்க ஆசை இருந்தது. கட்டணம் கட்டத்தான் வழியில்லை. ஒரு பிள்ளைக்கு மட்டும் காசிருந்தால் மகனை அனுப்பினார்கள். சம்பள வேலை அவனுக்குத்தான் கிடைக்கும் என்பது ஏழையின் கணக்கு. கட்டணம் குறைவு என்பதற்காகச் சுமார் 100 கிலோமீட்டர் நடந்து வந்து, குடிசையில் தங்கிப் படித்த சிறுமிகளையும் அவர் பார்த்தார்.

ஊர் திரும்பியவர் பரிதாபப்பட்டதோடு நிற்கவில்லை. கேம்பிரிட்ஜ் சந்தையில் கேக் விற்றார். தெரிந்தவர்களிடம் கை நீட்டினார். 1993இல் 32 பெண் பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்றார். அதுதான் கேம்ஃபெட் அமைப்பின் தொடக்கம். வியாபாரிகளே, கவனியுங்கள்! ஒரு சந்தைக் கடையிலிருந்து எழுந்த பணி இது.

கட்டணம் மட்டுமல்ல, சீருடை, காலணி, நோட்டு என்று பிள்ளையைத் தடுக்கும் ஒவ்வொன்றையும் கவனித்தார்கள். ஊர்ப் பெற்றோரும் ஆசிரியர்களும் கொண்ட குழுக்களைப் பொறுப்பில் அமர்த்தினார்கள்.

பிறகு நடந்ததுதான் முக்கியம். உதவி பெற்றுப் படித்த பெண்கள் சுமார் 400 பேர் 1998இல் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். வாங்கிய கை கொடுக்கும் கையானது! ஒவ்வொருவரும் தம் ஊரில் அடுத்த பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். ஜிம்பாப்வே, ஜாம்பியா, கானா, தான்சானியா, மலாவி நாடுகளில் அச்சங்கத்தினர் இன்று 2 லட்சத்தைத் தாண்டிவிட்டனர். தொடக்கத்தில் உதவி பெற்ற மாணவிகளில் ஒருவரான ஏஞ்சலின் முரிமிர்வா, பின்னாளில் அந்த அமைப்பின் தலைமை நிர்வாகியாகவே உயர்ந்தார்.

இளைஞர்களே! உங்கள் தெருவில் படிப்பை நிறுத்திய பிள்ளை யார்? அந்த வீட்டுக்குப் போங்கள். உபதேசம் செய்யாதீர்கள், எது தடை என்று கேளுங்கள். வணிகர்களே! கடைக்கு ஒரு பிள்ளை. படித்து முடிக்கும் வரை உங்கள் பொறுப்பு. அந்தப் பிள்ளையிடம் நன்றி கேட்காதீர்கள். "நாளை நீ ஒருவரைப் படிக்க வை" என்று மட்டும் சொல்லுங்கள்.

அந்தத் தகப்பனுக்குத் தேவை நம் அறிவுரை அல்ல, பள்ளிக்கூடத்தில் பணம் கட்டிய ரசீது!