அவருடைய இடம் காத்திருக்கட்டும்

(குரும்பலூரில் உழவர்களும் உள்ளாட்சி அன்பர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



இத்தகைய கூட்டங்களில் சாலையைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும், பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் ஆகியவற்றின் விளைச்சலைப் பற்றியும் பேசுவது வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. நம் வீட்டில் ஒருவருக்கு மனநோய் கண்டு, அவர் சில வாரங்கள் மருத்துவமனையில் தங்க நேருமானால், வீட்டாரும் ஊராரும் செய்ய வேண்டுவது யாது என்பதே அது.

ஊர் முன்னேற்றத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். ஒரு வீட்டில் இந்நோய் புகுந்தால் விதைப்புத் தவறுகிறது, பிள்ளையின் படிப்பு நிற்கிறது, கடன் ஏறுகிறது. இவை எல்லாவற்றிற்கும் மேலாக, ஊரில் தமக்கு இருந்த இடத்தையே ஒரு மனிதர் இழந்து விடுகிறார். ஆகவே இது நம் எல்லோருடைய காரியமும் ஆகும்.

என் சொந்தக் கதையைச் சிறிது சொல்ல அனுமதிக்க வேண்டும். என் தம்பியின் இசைவு பெற்றே இதைச் சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அவனுக்கு உறக்கம் அற்றுப் போயிற்று. கிணற்றில் யாரோ நஞ்சு கலந்துவிட்டதாகச் சொல்லி, இரவெல்லாம் வரப்பின் மேல் நடந்துகொண்டிருந்தான். நாங்கள் முதலில் மந்திரித்துப் பார்த்தோம். பிறகுதான் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அங்கே அவன் 34 நாள் தங்கினான். முதல் பத்து நாளும் நான் அவனைப் பார்க்கப் போகவில்லை. கேட்டவர்களிடம், "திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்கிறான்" என்று சொல்லி வந்தேன். வெட்கமே காரணம்.

பதினோராம் நாள் போனேன். "அண்ணா, மோட்டார் ஓடுகிறதா? பசு கன்று போட்டதா?" என்று கேட்டான். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் கட்டிலில் இப்பொழுது யார் படுக்கிறார்கள்?" என்றான். நான் வாயடைத்துப் போனேன். ஏனெனில் அந்தக் கட்டிலின் மேல் நாங்கள் விதை வெங்காய மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தோம். அன்று மாலை வீடு திரும்பியதும் முதல் வேலையாக அம்மூட்டைகளை இறக்கினேன். மருத்துவமனையில் இருப்பவர் கேட்பது மருந்தை மட்டும் அன்று, தமக்குரிய இடம் தமக்கு இன்னும் இருக்கிறதா என்பதையும்தான் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

நம் நாட்டு மனநோய் மருத்துவத்தின் வரலாறும் இதையே சொல்லுகிறது. சென்னையில் மனநோயாளிகளுக்கான காப்பகம் 1794 ஆம் ஆண்டில் தோன்றியது. 1871 முதல் அது கீழ்ப்பாக்கத்தில் இயங்கி வருகிறது. "கீழ்ப்பாக்கம்" என்னும் ஊர்ப்பெயரையே நம் மக்கள் ஒரு வசைச்சொல்லாக ஆக்கிவிட்டார்கள். நோயாளியைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டுத் தவறான முகவரி கொடுத்துச் சென்ற உறவினரும் உண்டு. நோய் தணிந்த பிறகும், அழைத்துப் போக ஆளின்றி அங்கேயே முதுமை அடைந்தவர்கள் உண்டு. குணமானவர்கள் மனநல மருத்துவமனைகளிலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும் இந்நிலை 2017 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்கே வந்தது. இக்குறைக்கு மருந்துக் கடையில் மருந்து இல்லை. அது வீட்டாரின் கையில் இருக்கிறது.

வேறு வழியும் நம் நாட்டிலேயே தோன்றியது. 1950களில் அமிர்தசரஸ் நகரத்து மனநோய் மருத்துவமனைக்குத் தலைவராக இருந்த டாக்டர் வித்யாசாகர், மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்கள் அடித்து, நோயாளியின் குடும்பத்தாரை உடன் தங்கச் செய்தார். நம் தமிழகத்தில், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பாகாயம் மனநல மையம் 1957 இல் தொடங்கியது. அங்கும் நோயாளியோடு உறவினர் தங்கியிருந்து பணிவிடை செய்யும் முறை வேரூன்றியது. இதில் மூன்று நன்மைகள் உண்டு. கைவிடப்பட்டோம் என்னும் அச்சம் நோயாளிக்கு வருவதில்லை. நோயின் தன்மையையும் மருந்தின் முறையையும் உறவினர் கண்ணால் கண்டு கற்கின்றனர். நோயாளி வீடு திரும்பும்போது, பயிற்சி பெற்ற துணைவர் ஒருவரும் கூடவே திரும்புகிறார்.

இதற்கு நேர்மாறான கொடுமையையும் நாம் மறக்கலாகாது. 2001 ஆகஸ்டு 6 ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய விடுதி ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி எரிந்தனர். 28 உயிர்கள் மாண்டன. அவர்களைப் பகைவர் யாரும் அங்கே கொண்டுபோய் விடவில்லை. பெரும்பாலோரை உறவினரே, நல்லதாகும் என்று நம்பிச் சேர்த்திருந்தனர். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எம்முறையிலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று திட்டமாகக் கூறுகிறது. வேண்டுதலைச் செலுத்துவதற்கு யாரும் தடை சொல்லவில்லை. நம் பக்கத்தார் குணசீலம் சென்று 48 நாள் தங்கி வழிபடுவது நெடுநாளைய வழக்கம். கோயிலுக்குப் போகும்போதும் மருந்துப் பொட்டலம் பையில் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இனி, செய்ய வேண்டுவனவற்றை ஒவ்வொன்றாகக் கூறுகிறேன்.

முதலாவது, காலம் தாழ்த்தாமை. பல நாள் உறக்கமின்மை, உணவை மறுத்தல், இல்லாத குரல் கேட்பதாகச் சொல்லுதல், காரணமற்ற அச்சம், சாவைப் பற்றிய பேச்சு இவை தோன்றினால் உடனே மருத்துவரை நாட வேண்டும். பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கு முதலில் செல்லலாம். மேலும் வேண்டுமாயின் திருச்சி அரசு மருத்துவமனை இருக்கிறது. 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தொலைபேசி வழியாகத் தமிழிலேயே ஆலோசனை பெறலாம், கட்டணம் இல்லை. அதற்கிடையே, வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அப்புறப்படுத்திப் பூட்டி வையுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு உள்ளானவராகவே கொள்ள வேண்டும் என்று மேற்சொன்ன சட்டம் கூறுகிறது. ஆதலால் வழக்கு வருமோ என்று அஞ்சிச் சிகிச்சையை ஒளிக்க வேண்டாம்.

இரண்டாவது, உண்மை கூறி அழைத்துச் செல்லுதல். திருவிழாவுக்குப் போகிறோம் என்று ஏமாற்றி மருத்துவமனை வாசலில் இறக்கினால், பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார். "உனக்கு உறக்கம் இல்லை, உடம்பு இளைத்துவிட்டது, மருத்துவரைப் பார்ப்போம், நான் உடன் இருப்பேன்" என்று சொல்லுங்கள். பலர் இசைவார்கள். தாமே இசைந்து சேர்வதே சிறந்தது. இசைவு கூறும் நிலையில் அவர் இல்லையாயின், அவருடைய சார்பாளர் விண்ணப்பம் செய்யலாம். மனநல மருத்துவர் ஒருவரும் மற்றொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ தனித்தனியே பரிசோதித்து ஒப்புக்கொண்டால், 30 நாள் வரை சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. தமக்குச் சார்பாளர் இன்னார் என்று, நலமாக இருக்கும் காலத்தில், எவரும் எழுதி வைக்கலாம்.

மூன்றாவது, கையோடு கொண்டு செல்ல வேண்டுவன. பழைய மருந்துச் சீட்டுகள், ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை, மாற்றுடை, மூக்குக் கண்ணாடி இவற்றை மறவாதீர்கள். நோய் எப்பொழுது தொடங்கிற்று, உறக்கம் எப்படி, குடிப்பழக்கம் உண்டா, குடும்பத்தில் முன்னர் யாருக்கேனும் இந்நோய் இருந்ததா என்பவற்றை ஒளியாமல் மருத்துவரிடம் கூறுங்கள். வீட்டின் மானத்தைக் காப்பதாக எண்ணி மறைக்கும் செய்தி, தவறான மருந்துக்கு வழியாகலாம்.

நான்காவது, தங்கியிருக்கும் காலத்தில் நடந்துகொள்ளும் முறை. பத்துப் பேர் ஒருநாள் வண்டி வைத்துக்கொண்டு போய்ப் பார்த்து வருவதைக் காட்டிலும், ஒருவர் தவறாமல் செல்வது மேல். வியாழக்கிழமை வருகிறேன் என்றால் வியாழக்கிழமை போய் நிற்க வேண்டும். அங்கே இருப்பவர் அந்த நாளை எண்ணிக்கொண்டிருப்பார். அவர் சொல்லும் மயக்கக் கருத்தை மறுத்து வாதாட வேண்டாம். ஆமாம் என்று தலையாட்டவும் வேண்டாம். "உனக்கு அப்படித் தோன்றுவது வருத்தமாகத்தான் இருக்கும்" என்று சொன்னால் போதும். வயலைப் பற்றி, மாட்டைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றிப் பேசுங்கள். "எப்பொழுது சரியாவாய்?" என்று கேட்காதீர்கள். அவர் இன்று யாரையும் பார்க்க விரும்பவில்லை என்றால், அதுவும் அவருடைய உரிமை. வாசலில் அமர்ந்து, கொண்டுவந்த பொருளைக் கொடுத்தனுப்பிவிட்டு, அடுத்த முறை மீண்டும் செல்லுங்கள்.

இவ்விடத்தில் ஒரு கடுமையான சொல்லையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவமனையில் இருப்பவரிடம் நிலப் பத்திரத்தை நீட்டிக் கையெழுத்தோ கைரேகையோ வாங்குவது பெரும் பாவம். அவர் இல்லாத நாளில் பங்கு பிரிப்பதும், பட்டாவை மாற்ற முயல்வதும் அத்தகையனவே. ஊர்ப் பெரியவர்கள் இதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போடலாகாது.

ஐந்தாவது, ஊரார் கடமை. உடன் தங்குபவர் பெரும்பாலும் தாயாகவோ மனைவியாகவோ இருப்பார். அவர் அங்கே இருக்கையில் இங்கே களை எடுப்பவர் யார்? மாட்டுக்குத் தீனி வைப்பவர் யார்? பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புபவர் யார்? ஒருவர் வயலில் மற்றவர் மாறி மாறி வேலை செய்வது நமக்குப் புதிதன்று. அம்முறையை இந்த வீட்டுக்கும் நீட்டுங்கள். பேருந்துக் கட்டணத்துக்குச் சிறு உதவி செய்யுங்கள். தெருவில் யாரேனும் அவரைப் "பைத்தியம்" என்று சொன்னால், உள்ளாட்சி உறுப்பினராகிய தாங்களே முதலில் தடுத்துப் பேசுங்கள்.

ஆறாவது, வீடு திரும்பிய பின். புறப்படும் நாளில் மருத்துவரிடம் நான்கு கேள்விகளைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: மருந்தின் பெயர் என்ன? எவ்வளவு காலம்? என்ன தொல்லை தோன்றினால் உடனே வர வேண்டும்? மறுமுறை எந்த நாளில் வர வேண்டும்? நலமாகிவிட்டது என்று தாமாகவே மருந்தை நிறுத்துவதால்தான் பலருக்கு நோய் திரும்புகிறது. கை நடுக்கமும் மந்தமும் தோன்றினால் மருத்துவரிடம் கூறி அளவை மாற்றிக்கொள்ளலாம். வந்த மறுநாளே முழு வேலையைச் சுமத்த வேண்டாம். வேலையே கொடாமல் உட்கார வைக்கவும் வேண்டாம். முதலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டட்டும். பிறகு பாத்திக்கு மடை திருப்பட்டும். நோய் நீடித்து உழைக்க முடியாதவர்கள் ஊனச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

அன்பர்களே! எல்லா நோயும் முற்றிலும் நீங்கிவிடும் என்று நான் உறுதி கூற இயலாது. என் தம்பி இன்றும் மாதந்தோறும் மருந்து வாங்குகிறான். இடையில் ஒருமுறை அவனுக்கு மீண்டும் உறக்கம் கெட்டது. அப்பொழுது நாங்கள் மந்திரவாதியிடம் போகவில்லை. அவனே, "அண்ணா, மருத்துவரைப் பார்த்து வருவோம்" என்றான். அந்தச் சொல்லை, முன்பு அங்கே பட்ட பாட்டுக்கெல்லாம் கிடைத்த பலனாக நான் கருதுகிறேன். இவ்வாண்டு மூன்று ஏக்கர் மக்காச்சோளம் அவன் பொறுப்பில் இருக்கிறது.

மருத்துவம் செய்வது மருத்துவர் பொறுப்பு. கட்டிலைக் காலியாக வைத்திருப்பதும், கலப்பையை அவர் கைக்கென்று விட்டு வைப்பதும், திண்ணையில் அவருக்கு இடம் விடுவதும் நம் பொறுப்பு. இன்று இங்கிருந்து வீடு செல்லும் வழியில், நம் தெருவில் எந்த வீட்டு ஆள் இப்பொழுது மருத்துவமனையில் இருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். அந்த வீட்டுக் கதவை ஒருமுறை தட்டுங்கள். "நாளைக்கு உங்கள் மாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் அவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லுங்கள்.